ஆறேகால் மணிக்கு இசை நீரூற்று

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், கட்டணக் கழிப்பறைக்கும் தொலைந்த பொருட்கள் அறைக்கும் நடுவில், அரசு சுற்றுலாத் தகவல் மையம் இருந்தது. அதில் பத்தொன்பது வருடமாகத் தகவல் உதவியாளராக வேலை பார்த்தவருக்குத் தலைநகரத்தைப் பற்றித் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. அவர் அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. 'தலைநகரில் மூன்று நாட்கள்: குடும்பத்தினருக்கான மாதிரிப் பயணத் திட்டம்' என்று மையத்தில் ஒரு தாள் உண்டு. அலுவலகக் கணக்கில் அது படிவம் ஏழு. யார் வந்து என்ன கேட்டாலும் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். ஒரே நாள் தங்குகிறவர்களுக்கும் அதே தாள், ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கும் அதே தாள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டு வந்தவர்களில் சிலர்கூட அவசரத்தில் படிவம் ஏழோடு திரும்பியிருக்கிறார்கள். இதனால் ஊரில் அவருக்கு 'மூணுநாள் சார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை உறைமேல்கூட அப்படியே எழுதினார்கள்.

தாளின் நடை தனி. 'காலை 9.00: மக்கள் மன்ற மாளிகையின் கம்பீரத்தை வெளியிலிருந்து வியக்கலாம். 9.40: வியப்பை முடித்துக்கொண்டு வெற்றிக் கோபுரம் செல்லலாம். 11.25: பறவைகள் பூங்காவில் இருபத்தைந்து நிமிடம் மகிழ்ச்சியாக இருக்கலாம்.' இரண்டாம் நாள் மாலையில்தான் அதன் உச்சம் வரும். 'மாலை 6.15: இசை நீரூற்று. வண்ண ஒளியில் இசைக்கேற்ப நடனமாடும் நீரைக் கண்டு குடும்பத்துடன் மெய்மறக்கலாம். 6.45: இரவு உணவுக்குத் திரும்பலாம்.' இந்த வரிகளை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கவைக்க வேறு பாட்டு தெரியாமல் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஒருநாள் கடைவாய்ப்பல் பிடுங்க வந்த ஒருவர், தன் முறைக்குக் காத்திருக்கும்போது, மூணுநாள் சார் கொடுத்த திட்டப்படி போய்வந்ததைப் புகழ்ந்து தள்ளினார். கடைசியில், நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க என்று கேட்டார். அவள் அவரை முறைக்கு முன்பாகவே உள்ளே அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு எழுந்தது. ஊரையே மூட்டை கட்டி அனுப்பிவைத்தவர் சொந்தப் பெண்டாட்டி பிள்ளையை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகவில்லை என்று அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, தேதி குறிக்கிற குரலில் சொன்னாள். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் நாள்காட்டியை எடுத்து வந்துவிட்டாள். அவர் வழக்கம்போல அடுத்த வருடம் என்றார். அடுத்த வருடம் என்பது எது என்று மகள் கேட்டாள், ஏனென்றால் போன வருடமும் அதைத்தான் சொன்னார். அவர் நாள்காட்டியை வாங்கி ஒரு தேதியில் வட்டம் போட்டார்.

செய்தி கேட்டு மனைவியின் தங்கை வந்துவிட்டாள். தலைநகரத்துக்கு நாலு தடவை போய்வந்தவள் என்பதால் குடும்பத்தில் அவள் வார்த்தைக்குத் தனி மதிப்பு. தாளை நீட்டியதும் அதை மடித்து விசிறிக்கொண்டாள். இடத்தைப் பார்க்கிறதெல்லாம் பழைய காலம் என்றாள். இப்போது யாரும் பார்ப்பதில்லை, உணர்கிறார்கள். உணர்வதற்கு முதலில் உடைகள் நிற ஒற்றுமையோடு இருக்க வேண்டும். முதல் நாள் மூன்று பேரும் மணல் நிறம். இரண்டாம் நாள் பால்வெள்ளை, ஏனென்றால் நீரூற்றின் வண்ண விளக்கு வெள்ளையில்தான் எடுக்கும். மூன்றாம் நாள் அடர்பச்சை. மகள் இதையெல்லாம் குறிப்பெடுத்தாள். அவருக்கு மணல் நிறத்தில் ஒரு சட்டைகூடக் கிடையாது. எந்த மணல் என்று கேட்டதற்கு, ஆத்து மணல் இல்லை, பாலைவன மணல் என்று மகளும் மைத்துனியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"நீரூற்று எப்படி இருக்கும்மா?" என்று மட்டும் மைத்துனியிடம் கேட்டார். பத்தொன்பது வருடம் ஊருக்கே சொன்னவர் அதை இன்னொருவர் வாயால் கேட்க ஆசைப்பட்டார்.

அவள் மடித்த தாளால் இன்னும் வேகமாக விசிறிக்கொண்டாள். "அதை வாயால சொல்ல முடியாது அத்தான். நேர்ல போய் நின்னாத்தான் புரியும்."

அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஐந்து நாள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'தலைநகரைச் சுற்றிப் பார்த்தல்' என்று எழுதியிருந்தார். மைய அலுவலர் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். அவர் நல்ல மனிதர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, அந்த இரண்டு வருடத்தையும் முட்டை போலக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார்.

"பார்க்கப் போறேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்படின்னா இதுவரைக்கும் பார்க்கலைன்னு அர்த்தம் ஆகுதே."

"பார்க்கலைதான் சார்."

"அதை எழுத்துல கொடுக்கறீங்களா? பார்க்காத ஆளு பத்தொன்பது வருஷம் பொதுமக்களுக்கு வழி சொன்னதா நானே கையெழுத்துப் போடணுமா?"

அவர் யோசித்து, 'மறுபடி பார்த்தல்' என்று திருத்தட்டுமா என்றார். அலுவலர் தலையாட்டினார், ஆனால் சம்மதமாக இல்லை. மறுபடி பார்க்க வேண்டுமென்றால் முதலில் பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். முதலில் பார்த்தது அலுவலகச் செலவிலா சொந்தச் செலவிலா என்று வரும். சொந்தச் செலவு என்றால், அரசுத் தகவலைச் சொந்த அனுபவத்தோடு கலந்து கொடுத்தீரா என்று விளக்கம் கேட்பார்கள். இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டி ஒவ்வொன்றையும் அவரே மூடினார். கடைசியில் அவர் முகம் தெளிந்தது. 'பார்த்தல்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'பார்வை தொடர்பாக' என்று எழுதச் சொன்னார். பார்வை தொடர்பானது என்றால் கண். கண் என்றால் மருத்துவ விடுப்பு. மருத்துவ விடுப்பை யாரும் கேள்வி கேட்க முடியாது.

இப்படியாக, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகத் தலைநகரத்தைப் பார்க்கக் கிளம்பியவருக்கு, 'பார்வைக் கோளாறு காரணமாக' ஐந்து நாள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது. கதவைத் திறக்கும் முன் அலுவலர் குரலைத் தாழ்த்தி, அந்த நீரூற்றை ஒரு படம் எடுத்து வந்து காட்டச் சொன்னார். அவரும் பார்த்ததில்லை.

முதல் நாள் காலை சரியாக ஒன்பது மணிக்கு மூன்று பேரும் மணல் நிறத்தில் மக்கள் மன்ற மாளிகை முன்னால் நின்றார்கள். மாளிகை முழுக்கச் சாரம் கட்டித் துணியால் மூடியிருந்தது. ஆனால் அந்தத் துணியின்மேல் மாளிகையின் படத்தை அதே அளவில் அச்சிட்டிருந்தார்கள். தூண்கள், கொடி, படிக்கட்டு, படிக்கட்டில் இரண்டு புறா எல்லாம் இருந்தன. காற்றடித்தபோது மாளிகை கொஞ்சம் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டது. அவர் தாளை எடுத்துப் பார்த்தார். 'வெளியிலிருந்து வியக்கலாம்' என்றுதான் இருந்தது. வெளியிலிருந்துதானே பார்க்கிறோம் என்று மனைவியிடம் சொன்னார். அவளும் நியாயம்தான் என்றாள். சுற்றிலும் மணல் நிறத்தில் வந்திருந்த வேறு பதினாறு குடும்பங்கள் துணியின் முன்னால் கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. எது யார் குடும்பம் என்று தெரியாமல் அவர் ஒருமுறை வேறு ஒருவர் மனைவியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

வெற்றிக் கோபுரத்தில் மேலே ஏற அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக, மேலே ஏறினால் தெரியக்கூடிய காட்சியைப் பெரிதாகப் படமெடுத்து வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். அதன்முன் நின்று படமெடுக்க வரிசை. முக்கால் மணி நேரம் நின்றார்கள். மகள், மேலே ஏறியிருந்தால் காற்றில் தலைமுடி கலைந்திருக்கும் என்று சமாதானம் சொன்னாள். பறவைகள் பூங்காவில் பறவைகள் இல்லை, கூண்டுகள் சுத்தமாக இருந்தன. அவர்கள் அங்கே இருபத்தைந்து நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

அவருக்குள் ஏதோ ஒன்று மெல்ல ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு நீரூற்று இருக்கிறது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் அது இருக்கிறது.

இரண்டாம் நாள் பால்வெள்ளையில், ஆறு மணிக்கே போய்விட்டார்கள். ஒரு பெரிய வட்டத் தொட்டி இருந்தது. அதில் காய்ந்த சருகும், ஒற்றைச் செருப்பும், நடுவில் துருப்பிடித்த குழாய்களும் கிடந்தன. கரையில் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று ஒரு பலகை. அந்தப் பலகையையே பராமரிக்க வேண்டிய நிலை. அதன் கால்களில் ஒன்று போய், செங்கல்லில் சாய்ந்து நின்றது. ஆனால் தொட்டியைச் சுற்றி இருநூறு பேராவது இருந்தார்கள், பெரும்பாலும் வெள்ளை உடையில். பாதிப்பேர் கையில் படிவம் ஏழு. அவர் அதை இருபது அடி தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். வலது மூலையில் இருந்த முத்திரை, அவரே குத்தியது.

ஆறு பத்துக்கு நீலச் சீருடையில் ஒருவர் வந்தார். சாவி போட்டு ஒரு சின்ன அறையைத் திறந்தார். சரியாக ஆறேகாலுக்கு ஒரு விசையை அழுத்தினார். கூட்டம் மொத்தமும் கைபேசியை உயர்த்தியது. எதுவும் நடக்கவில்லை. சீருடைக்காரர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அறையைப் பூட்டினார்.

மூணுநாள் சார் அவரிடம் போனார்.

"தண்ணி வரலையே."

"தண்ணி, குடிநீர் வாரியம் சார். நான் தோட்டத்துறை."

"பாட்டு?"

"அது கலைத்துறை. அவங்க ஆள் ரிட்டயர் ஆயிட்டாரு, இன்னும் போஸ்டிங் போடல."

"அப்ப நீங்க என்னதான் செய்யறீங்க?"

"நான் இயக்கறவன் சார். தினமும் இயக்கறேன்."

"ஓடலையே."

"ஓடறது என் பொறுப்பு இல்லை. இயக்கறது மட்டும்தான்." அவர் பொறுமையாகத்தான் சொன்னார். பதினோரு வருடமாக லீவுகூடப் போடாமல் இயக்குவதாகவும், இதுவரை ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை என்றும் சொன்னார்.

அப்படியானால் இதை மூடிவிடலாமே என்று கேட்டபோது சீருடைக்காரர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். தினம் இருநூறு பேர் வந்து நிற்கிற இடத்தை எப்படி மூடுவார்கள்?

அந்த நேரத்தில்தான் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "மூணுநாள் சார், நீங்களா?" என்றது. கூப்பிட்டவர் அவர்கள் ஊரில் வண்ணப்பூச்சுக் கடை வைத்திருப்பவர். மனைவி, மூன்று பிள்ளைகள், மாமனார் எல்லோரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். கடைக்காரர் முகத்தில் அதுவரை இருந்த சந்தேகம் ஒரே நொடியில் துடைத்துவிட்டாற்போல் போயிற்று. தன் வீட்டாரிடம் திரும்பி, சாரே வந்திருக்காருன்னா கண்டிப்பா ஓடப்போகுது என்றார். அது பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்தது. சுற்றுலாத்துறை அதிகாரி வந்திருக்கிறார் என்று செய்தி கரையைச் சுற்றி ஓடி, மறுபக்கம் வரும்போது, அதிகாரியே நேரில் வந்து இன்று திறந்துவைக்கப் போகிறார் என்று ஆகியிருந்தது. கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். யாரோ அவருக்கு உட்கார ஒரு மடக்கு நாற்காலி கொடுத்தார்கள்.

அவர் உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருநூறு பேர் தொட்டியைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், மறுபடி தொட்டியைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கடைக்காரரின் மாமனார் கும்பிடுவதுபோல் கையைக் குவித்து நின்றுகொண்டிருந்தார். வாய் தானாக மூடிக்கொண்டது. ஆறரை ஆயிற்று, ஆறு நாற்பது ஆயிற்று. அவர் மனைவி வந்து அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள், வெயில் படாமல் மறைப்பதுபோல.

ஆறு நாற்பத்தைந்துக்கு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இரவு உணவுக்குத் திரும்பலாம்" என்றார்.

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். சரியாக அதுதான் போட்டிருந்தது. ஒரு பெருமூச்சு கரையைச் சுற்றி ஓடியது. ஐந்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. கடைக்காரர் போகும்போது கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். எதற்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

விடுதி அறையில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எத்தனை ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அத்தனை பேரையும் அனுப்பி அந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்கவைத்தது அவர் கை. மகள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கைபேசியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். படத்தில் அவர்கள் மூவரும் வெள்ளையில் சிரித்துக்கொண்டு நிற்க, பின்னால் நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் தென்னைமர உயரத்துக்கு எழும்பியிருந்தது.

"தண்ணி போட்டுட்டேன்பா" என்றாள். அதற்குள் நூற்றுப்பத்து பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் அவர் அடர்பச்சைச் சட்டையோடு துறையின் தலைமை அலுவலகத்துக்குப் போனார். லீவில் வந்த இடத்தில் ஆபீசா என்று மனைவி கேட்டாள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். படிவம் ஏழைத் தயாரிக்கும் மாதிரித் திட்டப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. துணை இயக்குநர் அவரை மரியாதையாக உட்காரவைத்தார். மாவட்டத்திலிருந்து ஊழியர்கள் நேரில் வந்து கருத்துச் சொல்வது துறைக்குப் பெருமை என்றார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். துணி, கோபுரம், கூண்டு, தொட்டி. துணை இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு தாளில் பிழை எதுவும் இல்லை என்றார். தாள் மூன்று கட்டமாகச் சரிபார்த்து ஒப்புதல் பெற்றது. இடையில் நகரம்தான் தாளிலிருந்து கொஞ்சம் விலகிவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டியது நகராட்சி.

"நீரூற்றை மட்டுமாவது எடுத்துடுங்க சார்."

"எப்படிங்க எடுக்கறது? இப்படி வாங்க." அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார். கீழே அந்த வட்டத் தொட்டி தெளிவாகத் தெரிந்தது, ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது. "தினமும் ஆறேகாலுக்கு நான் இங்கேருந்து பார்க்கறேன். வருஷா வருஷம் கூட்டம் ஏறிக்கிட்டே போகுது. நகரத்துலேயே அதிகம் பேர் விரும்பிப் பார்க்கற இடம் அதுதான். அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே."

"தாள்ல இருக்கறதாலதான் சார் வர்றாங்க."

"வர்றதாலதான் தாள்ல இருக்கு."

துணை இயக்குநர் அலமாரியைத் திறந்து காட்டினார். சுற்றுலாப் பயணிகளின் கருத்துப் படிவங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. பத்தொன்பது வருடம், ஒரே ஒரு புகார் இல்லை. எல்லாம் 'மிக அருமை', 'மெய்மறந்தோம்', 'குடும்பத்தோடு மறுபடி வருவோம்'. கட்டுகளில் சிலவற்றின் முடிச்சு அவருக்குப் பழக்கமானதாக இருந்தது. அவர் மையத்துப் பெட்டியிலிருந்து எடுத்து அவரே கட்டி அனுப்பியவை.

"இத்தனை பேர் பார்த்தேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நீங்க ஒருத்தர் பார்க்கலைங்கறீங்க. எப்ப போனீங்க?"

"நேத்து சார்."

"நேத்து வேலை நாளாச்சே. லீவா? என்ன லீவு?"

அவர் சட்டைப்பையிலிருந்து விடுப்பு ஆணையை எடுத்து நீட்டினார். துணை இயக்குநர் அதை ஒருமுறை படித்தார், நிதானமாக இன்னொரு முறை படித்தார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் படர்ந்தது. மணியடித்துத் தண்ணீர் வரவழைத்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். "கண் விஷயத்துல அலட்சியமா இருக்காதீங்க."

வாசல் காவலர், வெளியே போக வேண்டுமானால் வருகையாளர் கருத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அதில் மூன்றே கட்டங்கள் இருந்தன. 'அருமை', 'மிக அருமை', 'சொல்ல வார்த்தைகள் இல்லை'. அவர் மூன்றாவதில் குறி போட்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல் துலக்கிக்கொண்டே மாடிக்கு வந்தவர், கீழே மனைவி குரல் கேட்டு நின்றார். மதில்சுவருக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எப்படி முதலில் மெதுவாக எழும்பியது, பிறகு பாட்டு வேகம் பிடித்ததும் எப்படிச் சுழன்றது, அவளுக்கு எப்படிக் கண் கலங்கிவிட்டது என்று அவள் கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற தங்கை, கடைசியில் பச்சை விளக்கு வருமே அதைச் சொல்லு என்று எடுத்துக் கொடுத்தாள்.

இருவரும் உள்ளே வந்ததும் அவர் இறங்கிப் போய் மைத்துனியிடம்தான் முதலில் கேட்டார். நாலு தடவை போனவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார்.

அவள் அசடு வழியவில்லை, மழுப்பவும் இல்லை. "முதல் தடவை ஏமாந்துதான் போனேன் அத்தான். வந்து எல்லார்கிட்டயும் பிரமாதம்னு சொல்லிட்டேன். பிரமாதம்னு சொன்னவ மறுபடி போகாம இருந்தா சந்தேகப்படுவாங்களேன்னு மீதி மூணு தடவையும் போனேன்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் துவைக்க வேண்டிய வெள்ளை உடைகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?"

"உண்மையைச் சொன்னா அவங்க போக மாட்டாங்க" என்றாள் அவள். "அப்புறம் இந்தத் தெருவுல ஏமாந்தது நாம மட்டும்னு ஆயிடும். உங்களுக்கு அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லத்தான் நினைத்தார். யோசித்துப் பார்த்தபோது அப்படி ஒன்றும் பரவாயில்லை என்று தோன்றவில்லை. பத்தொன்பது வருடமாகக் கருத்துப் பெட்டியில் ஒரு புகார்கூட விழாததன் காரணம் அவருக்கு அந்தத் துணிக்குவியல் பக்கத்தில் நின்றபடி விளங்கிற்று.

திங்கட்கிழமை வேலையில் சேர, பார்வை சரியாகிவிட்டது என்று கண் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார். மைய அலுவலர் கதவைச் சாத்திவிட்டுப் படத்தைக் கேட்டார். மகள் அனுப்பியதைக் காட்டினார். அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஓய்வுபெற்றதும் முதல் வேலையாகப் போய்விடப் போவதாகச் சொன்னார்.

பத்தே முக்காலுக்கு மருந்துக்கடைக்காரர், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் என்று குடும்பமாக வந்து முன்னால் நின்றார்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வெள்ளைத் துணி மட்டும்தான் பாக்கி என்றார்கள். மூணுநாள் சார் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். இம்முறை உடனே நீட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சின்னப் பெண் முகவாயை மேசைமேல் வைத்து, தண்ணீர் எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டாள்.

"தென்னை மரம் அளவுக்கு" என்றார்.

மருந்துக்கடைக்காரர் நேரம் கேட்டார்.

"சரியா ஆறேகால். ஆனா அரைமணி முன்னாடியே போயிடுங்க. பயங்கரக் கூட்டமா இருக்கும்."

அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.